தினமும் தொண்ணூறு நிமிடம்

கையெழுத்துக்கு இன்னும் இருபத்தாறு மணி முப்பத்தைந்து நிமிடம் இருந்தது.

மதிவதனி அதைத் தன் குறிப்பேட்டின் முதல் வரியாக எழுதினாள். இப்போது வியாழன் காலை ஒன்பதரை. கையெழுத்து வெள்ளி பகல் பன்னிரண்டு ஐந்துக்கு.

“அதென்ன தாயி அஞ்சு நிமிசம்?” என்றார் கொம்பையா. “பன்னெண்டுன்னா பன்னெண்டு. பன்னெண்டு அஞ்சுக்கு இவாள் என்ன ரயிலா விடுதாவ?”

“அதையும் எழுதிக்கிட்டேண்ணே.”

மதிவதனிக்கு ஸ்ரீபெரும்புதூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே கணினி பழுதுபார்க்கும் கடை. இயற்பியல் படித்தவள். அதிகம் பேச மாட்டாள். ஒரு கணினி ஏன் கெட்டது என்று கண்டுபிடிப்பாள். அதைவிட வேகமாக, யார் கெடுத்தது என்று கண்டுபிடிப்பாள். கடைப் பலகையில் ‘பழுது பார்க்கப்படும்’ என்பதற்குக் கீழே ‘துப்பறியப்படும்’ என்று பெயின்டரை எழுத வைத்தவர் கொம்பையா. அவளுக்கு இன்றைக்கும் அந்தப் பலகையை நிமிர்ந்து பார்க்க வெட்கம். கொம்பையா திருநெல்வேலிப் பக்கம். இருபது வருடங்களுக்கு முன்னால் வந்து, இங்குள்ள ஆலைகளுக்கெல்லாம் ஒயர் இழுத்தவர். இப்போது அவள் கடைக்கு இழுக்கிறார். ஒயரோடு பேச்சையும்.

அவர்கள் வந்திருந்த இடம் ஒரகடம் சாலையில் இருந்த சாலோம் பிரஸ்ஸிங்ஸ். கார் இருக்கைக்கு அடியில் வரும் இரும்புப் பட்டைகளை அழுத்தி வளைக்கிற கம்பெனி. நாற்பது ஆட்கள், பதினொரு கணினிகள். முதலாளி சாம்சன். அவர் மனைவி மெர்சி அலுவலகத்தைப் பார்த்துக்கொண்டார். அழைத்தது மெர்சிதான்.

“எனக்கு ஒரே கேள்விதாம்மா,” என்றார் மெர்சி. “எங்களுக்கு சர்வர் வேணுமா, வேணாமா? வேணாம்னா ஏன்னு காட்டணும். காரணம் இல்லாம அவரு எதையும் ஒத்துக்க மாட்டாரு.”

மேசையில் விலைப்பட்டியல் இருந்தது. ஆள் உயர இரும்பு அலமாரி, அதற்குள் சர்வர், அதற்குத் தனியாக ஏசி அறை. எல்லாருடைய கோப்புகளையும் ஓரிடத்தில் வைத்து, கேட்பவர்களுக்கு எடுத்துக் கொடுக்கும் கணினிக்கு இவ்வளவு மரியாதை.

“இப்ப என்ன பிரச்சினை?”

“தினமும் ஏதோ ஒரு நேரம் எல்லா ஸ்கிரீன்லயும் டிராயிங் காணாமப் போயிடுது. டிராயிங் பார்க்காம அளவு சரிபார்க்க முடியாது. சரிபார்க்காம ஒரு பீஸ் வெளிய போகாது. லைன் அப்படியே நிக்குது. மூணு வாரமா இதே கதை. சர்வர் விக்கிறவரு, ‘பதினொரு கம்ப்யூட்டரோட லோட் தாங்கல’ங்கிறாரு. இவரு, ‘டிராயிங் பாத்துக்கிற காவேரிக்குப் பொறுப்பில்ல’ங்கிறாரு.”

“ஏசி ரூம் எங்க வரப் போகுது?”

மெர்சி கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் காட்டினார். ஒரு சிறிய அறை. உள்ளே ஒரு பெண், ஒரு மேசை விசிறி.

“காவேரி இருக்கிற ரூம். சர்வர் வந்தா அந்த வேலைக்கு ஆள் வேணாமாம். அவளுக்கும் லெட்டர் அடிச்சு வச்சாச்சு. ரெண்டுலயும் நாளைக்கு ஒரே நேரத்துல கையெழுத்து.” மெர்சி குரலைத் தாழ்த்தினார். “ஆறு வருஷமா மண்ணூர்ல இருந்து வர்ற பொண்ணு. எனக்கு மனசு இல்ல. ஆனா தப்பு யாரோடதுன்னு தெரியணும் இல்ல?”

“மனுசிக்கு டேபிள் பேன், மெசினுக்கு ஏசி,” என்றார் கொம்பையா. “அடுத்த பொறப்புல சர்வராப் பொறக்கணும்.”

காவேரி அவர்களைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

“ஜாமானெல்லாம் இன்னிக்கே எடுத்துகினு போயிடவா மேடம், இல்ல நாளைக்கா? டிபன் பாக்ஸ் ரெண்டு கீது, செருப்பு ஒரு ஜோடி கீது. ஆட்டோல ஒரே ட்ரிப்பா போட்டுக்கலாம்னு பாக்குறேன்.”

“உக்காருங்க,” என்றாள் மதிவதனி. “சில கேள்வி இருக்கு. டிராயிங்கை ஒரே நேரத்துல எத்தனை பேர் திறப்பாங்க?”

“எட்டு பேரு. அதிகபட்சம்.”

“ராத்திரி ஷிப்ட்?”

“இல்ல மேடம். காலைல ஏழு மணிக்குத் தொறந்தா சாயந்திரம் வரிக்கும்தான்.”

“எல்லா டிராயிங்கும் சேர்த்து எவ்வளவு இருக்கும்?”

காவேரி சொன்னாள். அது மதிவதனியின் கைபேசியில் அடங்கிவிடும் அளவு.

“வேற எங்கயாவது நகல் இருக்கா?”

“வெள்ளிக்கெழமன்னா ஒரு பென் டிரைவ்ல போட்டு எங்க வூட்டு பீரோல வெப்பேன். யாரும் சொல்லல. நானாதான்.”

‘பொறுப்பில்லாதவள்’ என்று எழுதி, மதிவதனி அதைக் கோடிட்டு அடித்தாள்.

காவேரி இன்னொன்றும் தானாகச் செய்திருந்தாள். டிராயிங் மறைந்த நேரத்தையும் திரும்பிய நேரத்தையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் குறித்து வைத்திருந்தாள். மூன்று வாரம், ஞாயிறு நீங்கலாகப் பதினெட்டு நாள்கள். திங்கள் என்றால் காலை ஏழரை முதல் ஒன்பது. செவ்வாய் மாலை மூன்று முதல் நாலரை. புதன் பன்னிரண்டு முதல் ஒன்றரை. வியாழன் ஒன்றரை முதல் மூன்று. வெள்ளி பத்தரை முதல் பன்னிரண்டு. சனி ஒன்பது முதல் பத்தரை. ஐந்து நிமிடம் முன்னே பின்னே. மூன்று வாரமும் அதே.

கொம்பையா எட்டிப் பார்த்தார். “டீ டயமும் இல்ல, சோத்து டயமும் இல்ல. பேயின்னா ராத்திரில வரும். இது ஷிப்ட்டுல வருது. பஞ்ச் அடிச்சுட்டு வரும் போலுக்கு.”

“லோட் தாங்காம விழுற கட்டில் நினைச்ச நேரத்துல விழும்,” என்றாள் மதிவதனி. “தினமும் சரியா தொண்ணூறு நிமிஷம் விழுந்து கிடந்துட்டு, தானா எழுந்து நிக்காது. இது கட்டில் இல்லண்ணே. யாரோ ஆள்.”

அப்போது கதவு திறந்தது. ஆறடி உயரம், வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் மூன்று பேனா. சாம்சன்.

“நீதான் துப்பறியிற பொண்ணா? நல்லா துப்பறிம்மா. நானே பாதி வேலய முடிச்சுட்டேன்.” அவர் குரல் பிரஸ் சத்தத்துக்குப் பழகிய குரல். “நான் என் ரூம்ல உக்காந்துகினு இருந்தேன்னா ஒரு பிரச்சினையும் இல்ல. எழுந்து லைனுக்கு வந்தேன்னா போதும், டிராயிங் காணோம். இதுலேர்ந்து இன்னா தெரியுது? நான் அசந்தா இங்க எவனும் வேல செய்யறதில்ல.”

மதிவதனி அதை ஓர் எழுத்து விடாமல் எழுதிக்கொண்டாள். அவர் போனதும் அந்த வரிக்கு அடியில் இரண்டு கோடு போட்டாள்.

பிறகு காவேரியின் திரையில் ‘டிராயிங்’ என்ற படத்தைத் தட்டி, அது எந்தக் கணினியிலிருந்து வருகிறது என்று பார்த்தாள். பெயர் வந்தது: நிலவன்.

“நிலவன் யாரு?”

“முன்ன இங்க இன்ஜினியரு. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி வேலய வுட்டுட்டாரு. இருங்காட்டுக்கோட்டைல கீறாரு.”

“அவர் கம்ப்யூட்டர்?”

காவேரி விழித்தாள். “தெரியலயே மேடம். நான் இந்த ஐகானத் தட்டுவேன், டிராயிங் வரும். எங்கேர்ந்து வருதுன்னு கேட்டதே இல்ல.”

“ஆள் போயிட்டாரு, அவரு கம்ப்யூட்டரு மட்டும் ரெண்டு வருசமா வேல பாக்கு,” என்றார் கொம்பையா. “அதுக்கு சம்பளம் யாரு வாங்குதா?”

அந்தக் கணினியைத் தேடினார்கள். ஸ்டோரில் மூன்று பழைய பெட்டிகள் கிடந்தன. ஒன்றுக்குள் ஒயரே இல்லை. ஒன்றின் மேல் யாரோ சாம்பார் வாளி வைத்திருந்தார்கள். மூன்றாவது பாட்டு கேட்கும் பெட்டி. கொம்பையா நீல ஒயரைப் பிடித்துக்கொண்டு போனார். அது பிரஸ் கூடத்தைச் சுற்றி, எழுத்துப் பலகை ஒன்றின் பின்னால் புகுந்து மறைந்தது. பலகையில் சிவப்பில் எழுதியிருந்தது: ‘எல்லா நேரமும் நல்ல நேரமே. வேலையைத் தொடங்கு.’

“சாரு எழுதினது,” என்றார் சூப்பர்வைசர் பலராமன். நெற்றி நிறையத் திருநீறு. “ஆயுத பூசைக்கு அஞ்சு மூட்ட பொரி வாங்கித் தருவாரு மேடம், கணக்கே பாக்க மாட்டாரு. ஆனா நேரங்காலம்னு வாயத் தொறந்தா அவ்ளோதான். சர்ச்சு கமிட்டில பெரிய ஆளு. ‘எவன்டா என் கம்பெனில நேரம் பாக்குறது’ன்னு கத்துவாரு.”

“மூணு வாரத்துக்கு முன்னாடி இங்க ஏதாவது நடந்துச்சா?”

பலராமன் சுற்றும் முற்றும் பார்த்தார்.

“டை ஒடைஞ்சுது. தகட்ட வளைக்கிற அச்சு மேடம், எஃகு. ஒரு புதன்கெழம, மத்தியானம் பன்னெண்டே முக்கா. புது ஆர்டரு. டைய ஏத்துன்னாரு. ‘முக்கா மணி நேரம் போவட்டும் சார்’னேன். போர்டக் காட்டுனாரு. ஏத்துனோம். நாப்பதாவது பீஸ்ல டை ரெண்டாப் போச்சு. அவரு மூஞ்சில ஈயாடல. அப்பால அதப் பத்தி அவரும் பேசல, நானும் பேசல.”

மதிவதனி நோட்டைப் பார்த்தாள். காவேரியின் முதல் குறிப்பு அதற்கு மறுநாள், வியாழன்.

நிலவன் ஒன்று இருபதுக்குத்தான் போனை எடுத்தான். சாப்பாட்டு இடைவேளை.

“என் கம்ப்யூட்டரா? என்னக்கா கேக்குறீங்க, அதுதான் அங்க எல்லாத்துக்கும். டிராயிங்கெல்லாம் அதுலதான் கீது. நான் கெளம்பும்போது, புதுசா இருக்கேன்னு சாரு தன் ரூமுக்குத் தூக்கினு போயிட்டாரு. ஆஃப் பண்ணாதீங்கன்னு செவப்பா ஸ்டிக்கர்கூட ஒட்டினேனே, பாக்கலயா?”

மணி ஒன்றரை. காவேரியின் அறையிலிருந்து சத்தம் வந்தது: “போச்சு மேடம்!” அதே நேரம் சாம்சன் தன் அறையிலிருந்து வெளியே வந்து, கதவைப் பூட்டிவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே லைனுக்கு நடந்தார். ஒரு நிமிடத்தில் அவர் குரல் கேட்டது. “டிராயிங் எங்கடா? நான் தலைய வெளிய நீட்டக் கூடாதா?”

“அந்த ரூம் சாவி யாருகிட்ட இருக்கு?”

“சார்கிட்ட ஒண்ணு, என்னாண்ட ஒண்ணு. கையெழுத்து ஃபைல் வெக்கிறதுக்கு,” என்றாள் காவேரி.

உள்ளே போனார்கள். மேசைக்கு அடியில் கறுப்புப் பெட்டி. இரைச்சல் இல்லை, விளக்கு இல்லை. அணைந்திருந்தது. அதன் நெற்றியில் சர்ச்சில் புத்தாண்டுக்குத் தரும் பைபிள் வசன ஸ்டிக்கர். அதற்கு அடியில் சிவப்பாக ஓர் ஓரம் தெரிந்தது. கொம்பையா பக்கவாட்டில் நகத்தை விட்டு மெல்லத் தூக்கினார். ‘ஆஃப் செய்யாதீர்’ என்பதில் ‘யாதீர்’ மட்டும் தெரிந்தது.

“சாரா?” காவேரி வாயைப் பொத்திக்கொண்டாள். “சார் எதுக்கு மேடம் அணைக்கணும்? டிராயிங் காணலன்னு கத்துறதே அவருதான?”

“அவருக்குத் தெரியாது,” என்றாள் மதிவதனி. “தன் கம்ப்யூட்டரை மட்டும்தான் அணைக்கிறதா நினைக்கிறார். அணைச்சதும் வேலை இல்ல. வேலை இல்லாததால லைனுக்குப் போறார். போய்ப் பார்த்தா டிராயிங் இல்ல.”

“சரி, எதுக்கு அணைக்காரு?” என்றார் கொம்பையா.

மதிவதனி அந்தக் கேள்வியை எழுதி, அதைச் சுற்றி வட்டம் போட்டாள்.

பதில் கேன்டீனில் இருந்தது. டீ வாங்கப் போன கொம்பையா டீ இல்லாமல் திரும்பினார். கையில் தினசரிக் காலண்டரின் ஒரு தாள். கிழித்தே எடுத்து வந்திருந்தார். தாளின் கீழே சிறிய எழுத்தில் ஒரு வரியை விரலால் காட்டினார். மதிவதனி அதைப் படித்தாள். காவேரியின் நோட்டைப் பார்த்தாள். மறுபடியும் படித்தாள். சிரிப்பை அடக்க அவள் உதட்டைக் கடிக்க வேண்டியிருந்தது.

“மத்த அஞ்சு நாளும் பாத்துட்டேன் தாயி. ஒரு நிமிசம் பிசகல.”

“சத்தமா சொல்லாதீங்கண்ணே.”

வேறு எந்தக் கம்பெனியாக இருந்தாலும் முதல் நாளே யாராவது சொல்லியிருப்பார்கள். அந்தப் பலகை தொங்கும் கம்பெனியில் யாருக்கும் அது தோன்றவில்லை.

“போயி மெர்சியம்மாட்ட சொல்லிருவமா?”

“நாம சொன்னா அவர் இல்லைன்னுடுவார். அப்புறம் அணைச்சது யாரு? இன்னொரு சாவி வச்சிருக்கிற பொண்ணு.” மதிவதனி தாளை மடித்து அவர் சட்டைப் பையில் வைத்தாள். “அவர் வாயால வரணும்.”

அன்று மாலை அவள் மெர்சியிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். “நாளைக்குக் கையெழுத்தை பதினொரு மணிக்கு வச்சுக்கலாமா மேடம்?”

வெள்ளி. பத்தரைக்கு டிராயிங் மறைந்தது. பதினொன்றுக்கு சாம்சனின் அறையில் எல்லாரும் இருந்தார்கள். சர்வர் விற்பவர் பெயர் செந்தமிழன். அவர் பேசியதில் தமிழ் அந்தப் பெயர் மட்டும்தான்.

“சார், பீக் லோட் சார். லைவ்வா பாக்கறீங்க. டோட்டல் சிஸ்டம் டவுன். சைன் பண்ணீங்கன்னா மண்டே இன்ஸ்டலேஷன்.”

“பன்னெண்டு அஞ்சுன்னு தானேப்பா சொன்னேன்?” என்றார் சாம்சன்.

“எல்லாரும் வந்தாச்சு, போட்டுடுங்க,” என்றார் மெர்சி.

சாம்சன் சட்டைப் பையைத் தடவினார். மூன்று பேனாவில் ஒன்றைக்கூடக் காணோம். கொம்பையா தன் பையிலிருந்து நான்கு பேனாவை எடுத்து வரிசையாக வைத்தார். “நீலம், கறுப்பு, செவப்பு, பச்ச. முதலாளிக்கு எது ராசியோ.”

சாம்சன் அவரை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு மூக்குக் கண்ணாடி தேடினார். அது மூக்கில் இருந்தது. டீ வரட்டும் என்றார். டீ வந்தது. சூடு ஆறட்டும் என்றார். ஒரு போன் பேச வேண்டும் என்று எழுந்தார். ‘அலோ, அலோ’ என்று அவர் பேசிக்கொண்டிருந்தபோது அவர் கையில் இருந்த போன் மணியடித்தது.

மணி பதினொன்று பதினைந்து.

“மேடம்,” என்றாள் மதிவதனி. எல்லாரும் திரும்பியதில் அவளுக்குக் காது சூடானது. குறிப்பேட்டைப் பார்த்தபடியே படித்தாள். “உங்களுக்கு சர்வர் வேணுமான்னு கேட்டீங்க. எட்டு பேர் ஒரே நேரத்துல திறக்கிறாங்க. மொத்த டிராயிங்கும் ஒரு போன்ல அடங்கும். ராத்திரி வேலை இல்ல. இதுக்கு அலமாரி வேண்டாம், ஏசி வேண்டாம். அணைக்காம ஓடுற ஒரு சின்னப் பெட்டி போதும். தினமும் ஒரு நகல் எடுக்கணும். அதைப் பார்த்துக்க ஒரு ஆள் வேணும். அந்த ஆளை மட்டும் வேண்டாம்னு சொல்ல முடியாது.”

“அந்தச் சின்னப் பெட்டி என்ன விலை?”

“ஏற்கெனவே இருக்கு மேடம்.” அவள் மேசைக்கு அடியில் காட்டினாள். “ரெண்டு வருஷமா இதுதான் உங்க சர்வர்.”

சாம்சன் மெல்லக் குனிந்து, தன் காலடியில் இருந்த பெட்டியை முதன்முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

“இதுலயா டிராயிங் இருக்குது?” என்றார். குரல் பாதியாகிவிட்டது.

“அணைஞ்சு கிடக்குது,” என்றார் மெர்சி.

“ஆமா மேடம். தினமும் தொண்ணூறு நிமிஷம் அணையுது. அந்தத் தொண்ணூறு நிமிஷம்தான் லைன் நிக்குது.”

“யாரு அணைக்கிறா?”

மதிவதனி குறிப்பேட்டை மூடினாள். செந்தமிழன் விலைப்பட்டியலை மெதுவாகப் பைக்குள் நகர்த்தினார். மெர்சி கணவனைப் பார்த்தார். அவர் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே, பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னங்க, நீங்களா?”

“நான் எதுக்கு...” என்று தொடங்கி சாம்சன் நிறுத்திக்கொண்டார்.

மெர்சியின் முகம் மாறியது. மெல்லக் காவேரியின் பக்கம் திரும்பினார். “இந்த ரூமுக்கு ரெண்டு சாவிதான் இருக்குது, காவேரி.”

“நான் இல்ல மேடம்.” காவேரி அழவில்லை. கழுத்திலிருந்த சாவியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். “சத்தியமா நான் இல்ல.”

“உன்ன நம்பித்தானம்மா நான் இவங்களையே வரச் சொன்னேன்.” மெர்சி கோப்பிலிருந்து காவேரியின் லெட்டரை எடுத்துக் கணவன் முன்னால் வைத்தார். “சர்வர் வேணாம்னு ஆச்சு. இதுலயாவது போடுங்க. அந்தப் பொண்ண நிக்க வெக்காதீங்க.”

சாம்சன் லெட்டரைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று இருபத்திரண்டு. காவேரி வைத்த சாவியைப் பார்த்தார். கொம்பையாவின் சட்டைப் பையில் மடித்த தாளின் முனை நீட்டிக்கொண்டிருந்தது. அதையும் பார்த்தார். மதிவதனி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் மேசைமேல் இருந்த பேனாக்களை ஒதுக்கினார். காவேரியின் லெட்டரை இரண்டாக, நான்காக, எட்டாக மடித்து, தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சாவியை அவள் பக்கம் தள்ளினார்.

“எடுத்துக்கம்மா. அணைச்சது நான்தான்.” பிறகு மனைவியைப் பார்த்தார். “டை ஒடைஞ்சதுலேர்ந்து நான்தான் மெர்சி. அந்த நேரத்துல மறந்துபோய்க்கூட எந்தப் புது வேலைக்கும் ஓகே குடுத்துடக் கூடாதுன்னு அணைச்சுட்டு வெளிய போயிடுவேன். இதுல டிராயிங் இருக்குதுன்னு எனக்குத் தெரியாது.”

“எந்த நேரத்துல?”

சாம்சன் தொண்டையைக் கனைத்தார். பலகை பக்கம் போன பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

“ஏங்க, எந்த நேரத்துல?”

“ராகு காலத்துல.”